ஒரே கொட்டகை, ஒரே உண்ணி, மூன்று மாடுகள்

வாசகர் கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். ஏற்காடு மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம். செவலை என்று ஒரு நாட்டு மாடு இருக்கிறது. ஜெர்சி சினை ஊசி போட்டு அதற்குப் பிறந்த கலப்பு மாடும் எங்களிடம்தான் இருக்கிறது. பங்குனியில் கடன் வாங்கி, மலை மேல் ஒரு எஸ்டேட்டிலிருந்து ஹெச்எஃப் மாடு ஒன்றை நாலு மாதக் கிடேரிக் கன்றோடு பிடித்து வந்தோம். தினம் 14 லிட்டர் கறந்தது. வந்த 18ஆம் நாள் காய்ச்சல் கண்டது. தோளுக்கு முன்னால் நெறி கட்டி, கண் வெளுத்து, ஆறாம் நாள் போய்விட்டது. ரத்த சிலைடு பார்த்து தைலேரியா என்றார்கள். அதே வாரம் செவலையின் மகளுக்கும் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டதும் மூன்று நாளில் தேறிவிட்டது. செவலைக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனால் அதன் ரத்தத்திலும் பூச்சி இருக்கிறது என்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே கொட்டகை, ஒரே தீனி. இது பிறப்பிலேயே வருவதா? கலப்பு மாட்டையெல்லாம் விற்றுவிட்டு நாட்டு மாடு மட்டும் வைத்துக்கொள்ளலாமா? தாயில்லாத அந்தக் கன்றை என்ன செய்வது? மாமியார் எல்லாம் கண்ணேறு என்கிறார்.

பதில்:

கடன் தவணை ஆரம்பிக்கும்போதே 14 லிட்டர் கறந்த மாட்டைக் குழி வெட்டிப் புதைப்பது எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும், அம்மா. சேலம் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருடமாக மாட்டு வைத்தியம் பார்க்கிறேன். இதே நோயில் என் கையிலும் மாடுகள் போயிருக்கின்றன. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவனிக்காமல் விட்டதால் மாடு சாகவில்லை. யார் கண்ணும் படவில்லை என்று மாமியாரிடமும் சொல்லுங்கள். நடந்ததற்கான காரணம் பெரும்பாலும் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. மூன்று மாடுகளையும் அவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

தைலேரியா அனுலேட்டா என்பது ஓரணு ஒட்டுண்ணி. ஹயலோமா என்ற வகை உண்ணி அதைச் சுமந்து வருகிறது. உண்ணி கடிக்கும்போது அதன் எச்சிலோடு மாட்டின் உடம்புக்குள் போகிறது. இதே போல உண்ணி மூலம் வரும் பபேசியா நேராகச் சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கும். அதனால்தான் பபேசியா வந்த மாட்டின் மூத்திரம் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். தைலேரியாவின் வழி வேறு. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுவையே அது முதலில் பிடிக்கிறது. உள்ளே குடியேறி, அந்த அணுவைப் புற்றுநோய் அணு போல ஓயாமல் பெருக வைக்கிறது. அணு இரண்டாகப் பிரியும்போது ஒட்டுண்ணியும் கூடவே பங்கு பிரித்துக்கொள்கிறது. நீங்கள் தடவிப் பார்த்த அந்த நெறி, இப்படிப் பெருகிய அணுக்களால் வீங்கியதுதான். இதற்குப் பிறகுதான் ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குப் போகும். மாட்டுக்குச் சோகை பிடித்துக் கண் வெளுப்பது அப்போதுதான்.

பிடிபட்ட அந்த வெள்ளை அணுக்கள் பெருகுவதோடு நிற்பதில்லை. உடம்பு முழுவதற்கும் ஆபத்து ஆபத்து என்று ரசாயனச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி அளவாகப் போனால் காய்ச்சல் வந்து, உடம்பு போராடி, நோய் அடங்கும். அளவு மீறினால் 105, 106 டிகிரி ஜுரத்தில் மாடு தீனியை விடும், அசை போடாது, மூச்சு வாங்கும். உங்கள் மாட்டைச் சாய்த்ததில் ஒட்டுண்ணிக்கு ஒரு பங்கு உண்டு. அடங்காமல் போன இந்தக் கொதிப்புக்கும் பெரிய பங்கு உண்டு. இந்தக் கொதிப்பின் அளவில்தான் மரபு குறுக்கே வருகிறது.

ஆனால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் மரபின் தலையில் கட்டக் கூடாது. செவலை அடிவாரத்திலேயே பிறந்த மாடு. கன்றாக இருக்கும்போதே உண்ணி கடித்திருக்கும், லேசாக நோய் வந்து போயிருக்கும், உடம்பு அதைப் பழகி வைத்திருக்கும். எஸ்டேட் மாடு குளிர்ந்த இடத்தில், கொட்டகையிலேயே கட்டித் தீனி போட்டு, உண்ணி அதிகம் படாமல் வளர்ந்திருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த அந்த மாட்டுக்கு இந்த நோய் புத்தம் புதிது. மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்ததே அதைச் சொல்கிறது. இங்கே வந்தபின் கடித்த உண்ணியால் வந்தது என்றால் நாள் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. ஆகவே உங்கள் வீட்டு மாடுகளை மட்டும் வைத்து, இது பிறப்பால் வந்ததா வளர்ப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. நோயே படாத கன்றுகளை இரண்டு இனத்திலும் எடுத்து, ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவு ஒட்டுண்ணியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆராய்ச்சியாளர்கள் அதைச் செய்தார்கள், 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் ஹோல்ஸ்டீன் கன்றுகள், அதாவது நீங்கள் ஹெச்எஃப் என்று எழுதிய அதே இனம், இன்னொரு பக்கம் நம் வடமேற்கு நாட்டு இனமான சாகிவால் கன்றுகள். இரண்டுமே அதற்கு முன் உண்ணி கடி பட்டவை அல்ல. ஹோல்ஸ்டீன் கன்றுகள் கடுமையாக நோயில் விழுந்தன. சாகிவால் கன்றுகளுக்கும் தொற்று வந்தது, ஆனால் ஜுரம் குறைவு, மருந்து இல்லாமலே தேறின. பழக்கம் என்ற காரணத்தை எடுத்துவிட்ட பிறகும் வித்தியாசம் நிற்கிறது. அப்படியானால் அது பிறப்போடு வந்தது.

எங்கே அந்த வித்தியாசம் என்று அணுவுக்குள்ளும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். 2010இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தைலேரியா புகுந்த ஹோல்ஸ்டீன் வெள்ளை அணு, டிஜிஎஃப் பீட்டா 2 என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அந்தப் புரதம் அணுவுக்குத் திசுக்களைத் துளைத்து ஊர்ந்து போகும் வலிமையைக் கொடுக்கிறது. நோய் பிடித்த அணு நெறிக்கட்டில் நிற்காமல் உறுப்பு உறுப்பாகப் பரவுகிறது. சாகிவால் அணுவுக்குள் அதே ஒட்டுண்ணி போனால் அந்தப் புரதம் குறைவாகவே சுரக்கிறது, ஊர்வதும் குறைகிறது. ஒட்டுண்ணி ஒன்றுதான். குடியேறிய வீட்டைப் பொறுத்து அதன் ஆட்டம் மாறுகிறது. செவலை சாகிவால் இல்லை, நம் பக்கத்து மாடு. ஆனாலும் ரத்தத்தில் பூச்சியை வைத்துக்கொண்டே நிம்மதியாக அசை போடுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது இந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

இங்கே ஒரு தப்பான முடிவுக்குப் போய்விடாதீர்கள். நாட்டு மாடு என்றாலே, திமில் இருந்தாலே நோய் தாங்கும் என்று பலர் பேசுகிறார்கள். ஆப்பிரிக்காவைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. அங்கே செட்சி ஈ கடித்து டிரிப்பனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணி பரவுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ந்டாமா என்று ஒரு சிறிய மாடு உண்டு. அதற்குத் திமிலே கிடையாது. அதுதான் அந்த நோயைத் தாங்கி நிற்கிறது. கென்யாவின் போரன் மாட்டுக்கு நம் மாடு போல அழகான திமில் உண்டு. அது அந்த நோயில் மெலிந்து சாகிறது. ந்டாமா பல ஆயிரம் வருடமாகச் செட்சி ஈயோடு வாழ்ந்த இனம். தாங்காத மாடுகள் வம்சம் விடாமல் போய்ச் சேர்ந்தன, தாங்கியவை கன்று ஈன்றன. எந்த நோயோடு எத்தனை தலைமுறை வாழ்ந்தது என்பதுதான் கணக்கு. நம் மாடு தைலேரியாவைத் தாங்குவதும் அதே வழியில் வந்ததுதான். செட்சி ஈ இருக்கும் ஊருக்குக் கொண்டுபோனால் செவலையும் படுத்துவிடும்.

அப்புறம் அந்த ந்டாமாவையும் போரனையும் கலந்து, பேரக் கன்றுகள் வரை வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் நோயைக் கொடுத்து மரபணுவை அலசினார்கள். 2003இல் வெளிவந்த முடிவு இது. தாங்கும் சக்தி ஒரு மரபணுவில் இல்லை, 18 குரோமோசோம்களில் சிதறிக் கிடந்தது. அதில் ஒன்பது இடங்களில் நல்ல பங்கு ந்டாமாவிடமிருந்து வந்தது. ஐந்து இடங்களில் நல்ல பங்கு போரனிடமிருந்து, அதாவது நோயில் சாகும் இனத்திடமிருந்து வந்திருந்தது! இதைப் படித்த பிறகு எந்த மாட்டையும் இது உதவாத ஜாதி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இறந்துபோன உங்கள் மாட்டின் கன்றைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன். அதே ந்டாமாவில் இன்னொன்றும் தெரிய வந்தது. ஒட்டுண்ணியை அடக்குவது ஒரு திறமை, சோகை வராமல் ரத்தத்தைக் காப்பது தனித் திறமை. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்பதில்லை.

எப்போதாவது ஒற்றை மரபணு பெரிய வேலை செய்வதும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் நம் தைலேரியாவின் பங்காளியான தைலேரியா பார்வா இருக்கிறது. ஒரே ஒரு போரன் காளையின் வாரிசுகள் அந்த நோயில் மற்ற மாடுகளைவிட நன்றாகப் பிழைத்தன. அதற்குக் காரணமான மரபணு எஃப்ஏஎஃப்1பி என்று 2022இல் அடையாளம் கண்டார்கள். அது அந்த நோய்க்கான விடை, நம் கொட்டகைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது செவலையின் மகளைப் பார்ப்போம். தாயிடமிருந்து பாதி, ஜெர்சித் தகப்பனிடமிருந்து பாதி. காய்ச்சல் வந்தது, ஆனால் ஊசி வேலை செய்ய உடம்பு இடம் கொடுத்தது. உங்கள் கொட்டகையிலேயே பிறந்ததால் பழக்கமும் கொஞ்சம் இருந்திருக்கும். ஊசியை முதல் நாளே போட்டதும் பெரிய காரணம். பியூபார்வாக்வோன் என்ற அந்த மருந்து, நெறி கட்டியிருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் போட்டால் நன்றாகக் கேட்கும். ரத்தம் வெளுத்த பிறகு போட்டால் ஒட்டுண்ணி செத்தாலும் மாடு மீள்வது கஷ்டம். எஸ்டேட் மாட்டுக்கு சிலைடு முடிவு வருவதற்குள் நாட்கள் போயிருக்கும் என்று நினைக்கிறேன். நான் வேலைக்கு வந்த புதிதில் ஓமலூர் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் ஊசி போட்டுவிட்டு, மூன்றாம் நாள்தான் தோளுக்கு முன்னால் கை வைத்துப் பார்த்தேன். கோழி முட்டை அளவு நெறி இருந்தது. அந்த மாடு பிழைக்கவில்லை. அன்றிலிருந்து காய்ச்சல் என்று எந்த மாட்டைக் காட்டினாலும் என் கை முதலில் அங்கேதான் போகும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஊசி போடும் முன்பே காது நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தமும், நெறியிலிருந்து ஊசியால் ஒரு துளி நீரும் சிலைடில் எடுக்கச் சொல்லுங்கள். ஆரம்ப நாட்களில் ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் நெறி நீரில் மட்டும் தெரியும்.

அடுத்து சொல்லப் போவது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். எஸ்டேட் மாட்டைக் கடித்த உண்ணிக்கு ஒட்டுண்ணி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் செவலையிடமிருந்து. செவலைக்கு நோய் இல்லை, ஆனால் ரத்தத்தில் கொஞ்சம் ஒட்டுண்ணி தங்கியிருக்கிறது. உண்ணிக் குஞ்சு அதன் ரத்தத்தைக் குடித்து, கீழே விழுந்து, சுவர் விரிசலில் தோல் உரித்து வளர்ந்து, அடுத்த மாட்டின் மேல் ஏறும்போது ஒட்டுண்ணியையும் கொண்டுபோகிறது. இது புதுக் கதையும் இல்லை. அமெரிக்காவில் தெற்கே டெக்சாஸ் பக்கத்திலிருந்து நல்ல ஆரோக்கியமான மாடுகளை வடக்கே ஓட்டிப் போவார்கள். அவை நடந்த வழியில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வந்த மாடுகள் திடமாக நிற்க, உள்ளூர் மாடுகள் ஏன் சாகின்றன என்று யாருக்கும் புரியவில்லை. 1893இல் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், உண்ணிதான் நோயைக் கடத்துகிறது என்று நிரூபித்தார்கள். அது பபேசியா. பூச்சி, உண்ணி வகையறா ஒரு நோயைக் கடத்துகிறது என்று முதலில் உறுதியானவற்றில் அது ஒன்று. தாங்கும் மாடும் தாங்காத மாடும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில்தான் சாவு விழுகிறது என்பதை அன்றே காட்டிவிட்டார்கள்.

இதற்காகச் செவலையை விற்க வேண்டாம். அதன் மேல் கோபமும் வேண்டாம். உண்ணியை மட்டும் நடுவில் வெட்டுங்கள். ஹயலோமா மாட்டின் மேல் இருப்பதைவிடச் சுவரில்தான் அதிக நாள் இருக்கும். கொட்டகைச் சுவர் விரிசலை, கட்டுத்தறிக் கல் இடுக்கை எல்லாம் சிமெண்ட் வைத்துப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். உண்ணி மருந்தை எல்லா மாட்டுக்கும் ஒரே நாளில் போடுங்கள். ஒரு மாட்டுக்கு மட்டும் போட்டால் வீண். செவலைக்கு உண்ணி கம்மிதானே என்று விட்டுவிடாதீர்கள், அதற்குத்தான் முக்கியமாகப் போட வேண்டும். மருந்தின் பெயரையும் கலக்கும் அளவையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அளவு குறைத்துப் போட்டால் உண்ணி மருந்துக்குப் பழகிவிடும்.

கலப்பு மாட்டை விற்றுவிட்டு நாட்டு மாடு மட்டும் வைக்கலாமா என்று கேட்டீர்கள். கடன் இருக்கிறது, பால் காசு வேண்டும். செவலை கறக்கிற பாலில் தவணை கட்ட முடியாது. வேண்டாம். ஆனால் இனிமேல் எந்த ஊசி போடுகிறார்கள் என்று கேட்காமல் சினை ஊசி போடாதீர்கள். செவலையின் மகள் பாதிக்குப் பாதி. அதற்குச் சுத்த ஜெர்சி ஊசி போட்டால் பிறக்கும் கன்று முக்கால் ஜெர்சி, அதற்கும் அதையே போட்டால் அடுத்தது 87.5 சதவீதம். பால் கூடும் என்ற ஆசையில் இப்படி ஏறிக்கொண்டே போய், கடைசியில் செவலையின் பங்கு பேருக்குத்தான் இருக்கும். அதற்குக் கலப்பினக் காளையின் ஊசி கேளுங்கள். சீமைப் பங்கு பாதியிலேயே நிற்கும். முதல் கலப்பில் வந்த கூடுதல் வீரியம் அடுத்த தலைமுறையில் கொஞ்சம் குறையும், அதைத் தெரிந்தே செய்யுங்கள். செவலைக்கு இன்னும் ஈற்று இருக்கிறது என்றால் ஒரு ஈற்றாவது நல்ல நாட்டுக் காளையோடு சேர்த்து, அதன் இனத்திலேயே ஒரு கிடேரி எடுத்து வையுங்கள். ஆலம்பாடி மாடு நம் மாவட்டத்து எல்லையில் இருந்த இனம். அந்தியூர்ச் சந்தைக்குப் போனால் பர்கூர் மலை மாட்டையும் பார்க்கலாம். இந்த இனங்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையான கவலை. ஆய்வுக்கூடத்தில் தேடும் மரபணுக்கள் இந்த மாடுகளின் உடம்பில்தான் இருக்கின்றன.

கடைசியாக அந்தக் கன்று. அதுவும் அதே கொட்டகையில், அதே உண்ணிகளுக்கு நடுவில்தான் இருந்திருக்கிறது. லேசாகத் தொற்று வந்து போயிருக்கலாம். ஆகவே இப்போதே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு மாதத்துக்குத் தினம் காலையில் தெர்மாமீட்டர் வையுங்கள். 103ஐத் தாண்டினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள், மறுநாள் வரை பார்க்க வேண்டாம். நாலு மாதக் கன்று என்பதால் தாய்ப்பால் இல்லாமல் வளர்க்கலாம். கன்றுத் தீவனமும் நல்ல பச்சைப் புல்லும் கொடுங்கள். தைலேரியாவுக்குத் தடுப்பூசி உண்டு. வீரியம் குறைத்த உயிருள்ள ஊசி என்பதால் சினை ஊசிக் குச்சிகளைப் போலவே அதையும் திரவ நைட்ரஜனில்தான் வைக்க வேண்டும். கன்றுக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தால் அந்த ஊசி கிடைக்குமா என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

அது பெரிதாகிப் பருவத்துக்கு வரும்போது ஹெச்எஃப் ஊசி போடாதீர்கள். சாகிவால் ஊசி கேளுங்கள். தாயிடமிருந்து பால் வரும், தகப்பனிடமிருந்து தாங்கும் சக்தி வரும். போரனில் பார்த்தது போல, நோயில் விழும் இனத்துத் தாயிடமிருந்தும் நல்ல பங்கு ஏதாவது வரலாம். ஆனால் ஒவ்வொரு கன்றுக்கும் எந்தப் பாதி போகிறது என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது போலத்தான். எனவே பிறக்கும் கன்றுகளில் எதற்கு எப்போது காய்ச்சல் வந்தது, எத்தனை நாளில் தேறியது, உண்ணி எதன் மேல் குறைவாக ஏறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தாயை இழந்த இந்தக் கன்றின் பெயரிலேயே முதல் பக்கத்தைத் தொடங்கிவிடுங்கள், இன்றைக்குக் காலையில் வைத்த தெர்மாமீட்டர் கணக்கோடு.